ஆறாத நெற்றி

கூனிப்பாறை எஸ்டேட்டின் மேல் லயத்தில், ஆடிச் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் வேலாயுதம் காய்ச்சல் கண்டு செத்துப்போனான். ஆனால் அவன் உடம்பின் சூடு அவனோடு போக மறுத்துவிட்டது. மூச்சு நின்றுவிட்டது, கண் நிலைகுத்திவிட்டது, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டத் துணிகூடக் கிழித்தாகிவிட்டது, அப்போதும் நெற்றியில் கை வைத்தால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டதுபோல் இருந்தது. அவன் பெண்டாட்டி அன்னபுஷ்பம் கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, கூடியிருந்தவர்களைப் பார்த்து, "ஆறலை" என்றாள். சரி, ஆறட்டும் என்று எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

இந்த ஆறுகிற கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த மலையில் தேயிலை போட்ட ஆதி காலத்தில், மலைக்காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்த ஒருத்தியைச் செத்துப்போனாள் என்று அவசர அவசரமாகத் தூக்கிக்கொண்டுபோய்க் குழியைப் பாதி வெட்டியிருக்கும்போது, பாடையிலிருந்து அவள் கொஞ்சம் வெந்நீர் கேட்டாளாம். குடித்துவிட்டு எழுந்து, அப்புறம் பிள்ளைகளும் பெற்று, குழி வெட்டியவர்களை வாய் ஓயாமல் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் கிழவியாகச் செத்தாளாம். அதிலிருந்து மேல் லயத்துக்கு ஒரு சட்டம். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து "ஆறிட்டு" என்று சொன்னால்தான் அது சவம். அதுவரைக்கும் அது ஆள். ஆளுக்குத் தீட்டு கிடையாது, சங்கு கிடையாது, தொட்டவர்கள் தலைமுழுக வேண்டாம், அடுப்பை அணைக்க வேண்டாம். கடைசிச் சொல் கட்டினவளுக்கோ பெற்றவளுக்கோ உரியது, அவள் சொல்லிவிட்டால் மறுபேச்சு இல்லை. உயிரோடு யாரையும் புதைத்துவிடக் கூடாது என்கிற பயத்தில் ஏற்பட்ட சட்டம் என்பதால், அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வந்ததில்லை.

ஆகவே தொட்டார்கள். பெரிய கங்காணி பால்ச்சாமி தொட்டார், கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து வரிசையாகத் தொட்டார்கள், தொட்டவர்கள் அவன் வாயோரம் வழிந்த கோழையைத் துடைத்துவிட்டார்கள், துடைத்த கையால் அன்னபுஷ்பத்தின் கண்ணீரைத் துடைத்தார்கள், அவளைக் கட்டிப்பிடித்துத் தோளில் தலை சாய்த்து அழுதார்கள், அழுத வாய்க்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார்கள். எஸ்டேட் டிஸ்பென்சரியிலிருந்து கம்பவுண்டர் ஆரோன் வந்து, குழாயை மார்பில் வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினார். "நெஞ்சு நின்னுபோச்சும்மா" என்றார். "சூடு இருக்கே சார்?" என்று கேட்டாள் அன்னபுஷ்பம். அவரும் தன் வெறும் கையை வேலாயுதத்தின் நெற்றியில் வைத்துப் பார்த்தார். படித்த காது ஒன்று சொல்ல, வெறும் கை வேறொன்று சொல்ல, கடைசியில் அவர் கையைத்தான் நம்பினார். காலையும் மாலையும் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

லயம் என்பது எஸ்டேட்டுக்காரன் கட்டிக்கொடுத்த வரிசை வீடு: ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், நடுநடுவே தடுப்பு, இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் தண்ணீர் மொண்டு வைப்பார்கள். ஆடி மாதத்தில் அங்கே விறகு எரியாது, போர்வை காயாது, சுவர் வியர்த்து வடியும், பிள்ளைகளின் உதடு நாவல்பழமாகக் கறுத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஆறாத ஒரு உடம்பு வந்து வாய்த்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. முதலில் துக்கம் விசாரிக்க உட்கார்ந்தவர்கள், பிறகு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்தார்கள். நனைந்த கம்பளியைக் கொண்டுவந்து அவன் கால்மாட்டில் விரித்தவள் யார் என்று தெரியாது. அடுத்த நாள் ஏழெட்டுக் கம்பளிகள் அங்கே காய்ந்தன. பக்கத்து வீட்டுப் பரிபூரணம் தன் கைப்பிள்ளையை, குளிரில் பாலைக்கூடக் குடிக்காமல் விறைத்துக் கிடந்த பிள்ளையை, வேலாயுதத்தின் விலாவோடு ஒட்டிப் படுக்கவைத்தாள். பிள்ளை கை காலை உதறிச் சிரித்தது. "எண்ணே, நீ செத்தும் குடுத்தவன்ணே" என்று சொல்லிவிட்டு, செத்தும் என்ற வார்த்தைக்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்னபுஷ்பத்துக்கு அழுகைக்கு நடுவே ஒரு பெருமையும் இருந்தது. இருக்காதா பின்னே? ஊரில் எத்தனையோ பேர் புருஷனைப் பறிகொடுத்திருக்கிறார்கள். யாருடைய புருஷனும் இப்படிப் போகாமல் நின்றதில்லை. கீழ் லயத்திலிருந்தும் பங்களா லயத்திலிருந்தும் ஆட்கள் சூடம் கொண்டுவந்தார்கள். குமரிப் பெண்கள் அவன் உள்ளங்கையில் கன்னத்தை வைத்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் அவள் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள், கணவனின் வாயைத் துடைத்த அதே முந்தானையால் தம்ளர்களைத் துடைத்துத் துடைத்து.

அவளுக்கு இருந்தது ஒரே மகள், பவுனு. கீழே சமவெளியில் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிள்ளை வயிற்றில், நிறைமாதம் நெருங்குகிறது. ரேஷன் ஜீப்பு டிரைவர் மூலம் செய்தி போயிருந்தது: அப்பா பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார், சூடு இருக்கிறது, வந்து பார். ஜீப்பு இறங்கிய பின்னால் மண் சரிந்து ரோடு அறுந்துவிட்டது. ஆனாலும் கொண்டை ஊசி வளைவு வரைக்கும் பஸ்ஸில் வந்து, மிச்சத்தை நடந்தே வந்துவிடுவாள் என்று அவளைத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி சாவு வீட்டுக்கு வரலாமா என்று ஒருத்தி இழுத்தாள். பால்ச்சாமி கங்காணி அதற்கும் தீர்ப்புச் சொன்னார். "சவத்தைத்தானட்டி புள்ளத்தாச்சி பாக்கக் கூடாது? இது சவமா? இன்னும் ஆறலையே. தாராளமா வரட்டும்." பெண்கள் ஒருபடி மேலே போனார்கள். அப்பன் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டால் அந்தச் சூட்டுக்குப் பேறுகாலம் சுளுவாக இருக்கும் என்றார்கள். அன்னபுஷ்பம் வேலாயுதத்தின் நகங்களையெல்லாம் வெட்டி, மகள் வயிற்றில் படப்போகிற கை என்று எண்ணெய் தடவி வைத்தாள்.

தொடாதவன் ஒரே ஒருவன் உண்டு. வேலாயுதத்தின் உடன்பிறந்த தம்பி கோட்டைச்சாமி. லயத்தின் கடைசி வீடு அவனுடையது. அண்ணன் வீட்டுக் கொல்லைக்கும் அவன் வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரு கொய்யா மரம். அந்த மரத்தை யார் வைத்தது, எந்தப் பக்கம் விழுந்த பழம் யாருக்கு என்று தொடங்கிய சண்டை, அம்மிக்குழவியைத் தூக்குகிற வரைக்கும் போய், கடைசியில் கோட்டைச்சாமி எல்லோர் முன்னாலும் மண்ணைக் கிள்ளிச் சத்தியம் செய்தான்: இந்த மரத்துப் பழத்தை நானும் என் வீட்டாரும் தொட மாட்டோம், நீ செத்தாலும் உன் நெற்றியில் கை வைக்க மாட்டேன். மேல் லயத்தில் அதைவிடப் பெரிய சாபம் இல்லை. வேலாயுதம் அன்றைக்கே மரத்தில் ஏறி, பழுத்ததாகப் பார்த்துப் பறித்து, தம்பி வீட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்து தின்றான். வௌவால் கொறித்துப் போட்ட பழம் என்றால் அவனுக்கு உயிர். அதற்குத்தான் இனிப்பு எது என்று தெரியும் என்பான். படுக்கையில் விழுவதற்கு முன்னால்கூட, பாதி கொறித்த ஒரு பழத்தை மழையில் கழுவாமல் அப்படியே கடித்துத் தின்றதை அன்னபுஷ்பம் பார்த்திருக்கிறாள்.

ஆடி முடிவதற்குள் காய்ச்சல் நடக்கத் தொடங்கியது. முதலில் கம்பவுண்டர் ஆரோன் விழுந்தார், தனக்குத் தானே மாத்திரை போட்டுக்கொண்டார், பேச்சுக் குளறியது, போனார், ஆறவில்லை. பரிபூரணம் விழுந்தாள்; ஆறவில்லை. கருப்பட்டிக் காப்பி குடித்தவர்களில் ஒருவரும், கட்டிப்பிடித்து அழுதவர்களில் இருவரும் விழுந்தார்கள், ஆறவில்லை, ஆறவில்லை. வீட்டுக்கு வீடு சூடு பரவி, லயத்துச் சுவர் வியர்ப்பது நின்றது. கூரைமேல் மஞ்சுமூட்டம் இறங்காமல் ஒதுங்கிப் போனது. புல்லில் அட்டைகூட இல்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்ததுபோல் லயம் உலர்ந்து பளிச்சென்று இருந்தது. அந்த உலர்ந்த வெதுவெதுப்பில் ஜனங்கள் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள், போனவர்கள் எல்லோரும் ஒருநாள் வெந்நீர் கேட்டு எழுந்துவிடுவார்கள் என்று அடுப்பில் எப்போதும் பானை கொதித்துக்கொண்டிருந்தது, யார் எழுந்தாலும் முதலில் அந்தச் சத்தம் தன் காதில் விழ வேண்டும் என்று ஒவ்வொருவரும் தன் தன் ஆளுக்குப் பக்கத்தில் காதை வைத்துப் படுத்தார்கள். ரோடு அறுந்து கிடந்ததால் கீழேயிருந்து ஒரு டாக்டரும் வரவில்லை.

பிறகு பரிபூரணத்தின் கைப்பிள்ளை போனது. அதன் அப்பன் லிங்கராசு அதை நெஞ்சோடு அணைத்தபடி லயத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். "சுடுது, இன்னும் சுடுது" என்று எதிரே வந்தவர்களுக்கெல்லாம் சொன்னான். ஒவ்வொருவரும் அதன் உச்சியைத் தொட்டுப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார்கள். அன்னபுஷ்பம் மட்டும் தொடக் கையை நீட்டியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். இந்தப் பிள்ளை என் வீட்டில், என் புருஷன் விலாவில் படுத்துச் சிரித்த பிள்ளை என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குமேல் அப்போது எதுவும் ஓடவில்லை.

இத்தனை சாவு விழுந்தால் ஒரு குற்றவாளி வேண்டும். தேடவே வேண்டாம், கடைசி வீட்டில் இருந்தான். கோட்டைச்சாமியும் அவன் பெண்டாட்டி செல்வக்கனியும் பிள்ளைகளும் ஒரு தும்மல்கூட இல்லாமல் நடமாடினார்கள். லயம் முழுக்கச் சூடாக இருக்க, அவன் வீட்டுச் சுவர் மட்டும் பழையபடி வியர்த்து வடிந்தது. செய்வினை என்று முதலில் யாரோ முனகினார்கள். மத்தியானத்துக்குள் அது எல்லோருக்கும் நேரில் பார்த்த சங்கதி ஆகிவிட்டது. கவாத்துக் கத்திகளோடு கூட்டம் கிளம்பியது. முன்னால் பால்ச்சாமி, அவருக்கும் முன்னால் அன்னபுஷ்பம். தாலிக்குச் சொந்தக்காரி கேட்டால்தானே நியாயம்?

கோட்டைச்சாமி ஓடவில்லை. கொய்யா மரத்தடியில், மழையில் நனைந்துகொண்டு நின்றான்.

"ஏல, உங்க அண்ணனை என்னல செஞ்ச?" என்றாள் அன்னபுஷ்பம்.

"நான் என்னத்த மைனி செஞ்சேன்? செய்யாதது ஒண்ணு உண்டு, அதைக் கேளுங்க. அண்ணன் நெத்தியைத் தொடலை. வாய்த்திமிருல செஞ்ச சத்தியம். அதை முழுங்கிட்டு உங்க வாசப்படி ஏற எனக்குத் துப்பில்லாமப் போச்சு. சேதி கேட்டதுலேருந்து இந்த மரத்தடியிலதான் நிக்கேன். இங்கேருந்து பாத்தா உங்க சன்னல் தெரியும். அண்ணன் கால் தெரியும். கை துடிச்சுது மைனி."

"துடிச்ச கையைக் காட்டு பாப்போம்."

இரண்டு கைகளையும் நீட்டினான். மழையில் ஊறிச் சுருங்கி, வெளுத்து, மீன்போல் குளிர்ந்திருக்கும் என்று பார்த்தாலே தெரிந்தது. அழுகை பொங்கி வந்து அவற்றைப் பிடித்துக்கொள்ளப் போனாள் அன்னபுஷ்பம். போனவள், சுடுசோற்றில் கை வைத்தவள்போல் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். அவன் மேல் வெறுப்பினால் என்று கூட்டம் நினைத்தது. அவளோ தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தாள், பாதி கொறித்த பழங்கள் கிளையில் ஆடுவதைப் பார்த்தாள். வௌவால் வாய்பட்ட பழம் இவர் வாயில் பட்டது, இவர் வாயில் வழிந்தது என் முந்தானையில் பட்டது, என் முந்தானை தம்ளரில் பட்டது, தம்ளர் ஊர் வாயில் பட்டது, இவர் நெற்றி ஆரோன் கையில் பட்டது, இவர் விலா பரிபூரணத்தின் பிள்ளையில் பட்டது, பிள்ளை பரிபூரணத்தின் மாரில் பட்டது, பட்டவர்களெல்லாம் போனார்கள், படாத இவன் ஒருத்தன் நிற்கிறான், பகையில் நின்றவன் பிழைத்தான், பாசத்தில் வந்தவர்கள் செத்தார்கள், இனி பட வேண்டியது என் மகள் வயிறு ஒன்றுதான் பாக்கி என்று, ஒன்றைப் பிடித்து ஒன்றாக, கோர்த்துக்கொண்டே போனது அவள் மனசு. கையைத் தன் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். சுட்டது.

அவள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "யாரும் யாரையும் தொடாதீங்க. இது தொட்டுத் தொட்டு வருது. எல்லாரையும் இன்னைக்கே மண்ணுக்குள்ள வச்சிரணும்."

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றார் பால்ச்சாமி. "சூட்டோட எப்படிட்டி எடுக்க? உசுரோட பொதைக்கச் சொல்லுதியா? நாளைக்கு எந்திரிச்சு வெந்நி கேட்டா யாரு குடுப்பா?"

அவளுக்கும் அதே ஆசைதானே. எத்தனை விடியலில் அவன் காதோரம் குனிந்து, போதும், எந்திரிங்க என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். சூடு இருக்கிற வரைக்கும் அவன் அவளுக்குப் புருஷன். ஒரு சொல் சொல்லிவிட்டால் அவள் தாலி அறுத்தவள். தொடாதே என்று எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றாலும் பவுனு கேட்க மாட்டாள், அப்பா என்று வந்து விழுந்துவிடுவாள் என்பதும் தெரியும். சூடான அப்பனை விட்டு ஒரு மகளை விலக்கி நிறுத்த இந்த மலையில் சக்தி கிடையாது. சவத்தை விட்டு விலக்கி நிறுத்த மட்டும் உண்டு.

வீட்டுக்கு வந்தாள். கூட்டமும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றது. வேலாயுதத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து, உள்ளங்கையை அவன் நெற்றியில் வைத்தாள். தன் கையே சுடுவதால் அவன் கொஞ்சம் குளிர்ந்ததுபோல் இருக்குமோ என்று ஒரு நப்பாசை. இல்லை. முதல்நாள் போலவே சுட்டான், கல்யாணமான புதிதில் ஒருமுறை காய்ச்சலில் கிடந்து அவள் கையைப் பிடித்துத் தன் நெற்றியிலேயே வைத்துக்கொண்டானே, அப்போது போலவே சுட்டான். அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்.

"ஆறிட்டு."

பால்ச்சாமி நிலைப்படியில் கையூன்றி அவளைப் பார்த்தார். அவள் கண்ணைப் பார்த்தார், வேலாயுதத்தின் கால்மாட்டில் காய்ந்துகொண்டிருந்த கம்பளியிலிருந்து ஆவி எழும்புவதைப் பார்த்தார். ஆயுள் முழுக்க ஆட்களை மேய்த்தவருக்குப் பொய் தெரியாதா? ஆனால் சட்டம் அவரைவிடப் பெரியது. கட்டினவள் சொல்லியாகிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சங்கை ஊதச் சொல்லுங்கல" என்றார்.

சங்கு ஊதியதும் மேல் லயத்துக்குத் தீட்டு வந்தது. எத்தனையோ நாளாக வாசலில் காத்துக் கிடந்ததுபோல் ஓடி வந்தது. அடுப்புகள் அணைந்தன. தொட்டவர்கள் ஓடையில் தலைமுழுகினார்கள், கட்டிய துணியை எரித்தார்கள், பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். பிறகு அன்னபுஷ்பம் ஒவ்வொரு வீடாகப் போனாள். "எனக்கு ஏற்கெனவே சுடுது. நான் ஒருத்தி தொட்டாப் போதும், நீங்க தள்ளி நில்லுங்க" என்று சொல்லி, ஒவ்வொரு நெற்றியிலும் கை வைத்து, ஒவ்வொரு நெற்றியும் கையைச் சுட, ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த ஒரே பொய்யைச் சொன்னாள். அந்தந்த வீட்டுக்காரர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். லிங்கராசு மட்டும் பிள்ளையைக் கீழே வைக்கவில்லை.

"சுடுதே அக்கா" என்றான்.

"ஆறிட்டுய்யா. கீழ வை. அக்கா சொல்லுதேன்லா?"

"பொய் சொல்லாத அக்கா."

"பொய்தான்யா" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "நீயும் சொல்லு."

அவன் பிள்ளையின் உச்சியில் கன்னத்தை வைத்துக்கொண்டு சொன்னான். சொன்ன பிறகு பிள்ளையை அவள் மடியில் போட்டுவிட்டு மழையில் போய் நின்றான்.

கோட்டைச்சாமிதான் குழி வெட்டினான், லயத்துக்கு மேலே, தேயிலை ஓய்ந்து சோலை தொடங்கும் இடத்தில். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கம்பளியோடு சுருட்டி மூங்கிலில் கட்டியவர்களை அவனும் சிலருமாக, மேலே கைபடாமல் தோளிலேற்றிக் கொண்டுபோனார்கள். அண்ணனைக் குழிக்குள் இறக்கும்போது, கயிற்றின் நுனியை மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தான். மண் தள்ளத் தள்ள ஆவி எழுந்தது. எல்லோரும் மஞ்சு என்று சொன்னார்கள்.

இத்தனை நாள் பஸ் ஓடாமல் கிடந்ததால் மறுநாள்தான் பவுனு வந்து சேர்ந்தாள். மண் சரிந்த இடத்தில் ரோடு ஓடையாகிக் கிடந்தது. அந்தக் கரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வயிற்றைச் சுமந்து நின்றாள். இந்தக் கரையில் கோட்டைச்சாமி கம்போடு நின்றான்.

"சாவு தீட்டு கெடக்கு. புள்ளத்தாச்சி வரப்பிடாது. திரும்பிப் போ."

"நீங்க யாரு சித்தப்பா என்னைத் தடுக்க? அப்பாவைச் செத்தாலும் தொட மாட்டேன்னவரு நீங்க. அப்பாக்குச் சூடு இருக்குன்னு ஜீப்புக்காரரு சொன்னாரு."

"ஆறிட்டாரு."

"உங்க வாயில வந்தா நான் நம்பணுமா?"

அப்போதுதான் மேலே தேயிலைச் செடிகளுக்கு நடுவில், இடுப்பளவு பச்சைக்கு மேலே, அன்னபுஷ்பத்தின் தலை தெரிந்தது. அதற்குமேல் அவள் இறங்கி வரவில்லை. பவுனு ஓடையில் காலை வைத்தாள்.

"அங்கனயே நில்லுட்டி!" என்று ஒரு சத்தம் போட்டாள் தாய். அப்படி ஒரு சத்தத்தை மகள் கேட்டதே இல்லை. வைத்த காலை எடுத்துக்கொண்டாள்.

"எம்மா, அப்பா?"

"ஆறிட்டாரு பவுனு. நானே தொட்டுப் பாத்தேன்."

பவுனு கரையிலேயே உட்கார்ந்து அழுதாள். தாய் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு பார்த்தாள். எட்டிப் போய்த் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய அழுகை அது. அவள் தேயிலைக் கிளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் மகள் நிமிர்ந்து, "நீ என்கூட வாம்மா" என்றாள்.

"தீட்டு கழியட்டும்டி. கழிஞ்சதும் வாரேன். புள்ள பொறந்தா ஈரத்துல போடாத. உச்சியில எண்ணெய் வை."

"உனக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்கென்ன? குத்துக்கல்லாட்டம் நிக்கேனே, பாக்கலை?"

சொல்லிவிட்டு, மகள் வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் குத்துக்கல்லாகத்தான் நின்றாள். அப்புறம் செடிகளுக்குள் விழுந்துவிட்டாள். யாரும் வந்து தூக்கக் கூடாது என்று கையை ஆட்டிக்கொண்டே, தானாகவே ஊர்ந்து எழுந்து வீட்டுக்குப் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். செல்வக்கனி தினமும் கஞ்சியைச் சன்னலில் வைத்துவிட்டு ஓடுவாள். ஒருநாள் அந்தக் கஞ்சி அப்படியே இருந்தது.

தொட்டுப் பார்த்துச் சொல்ல மகள் இல்லை. பால்ச்சாமியும் தன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு முனகிக் கிடந்தார், இனி எழுந்திருக்கப் போவதில்லை. மிச்சம் இருந்த உறவு கோட்டைச்சாமி. கதவை உடைத்து வாசலில் நின்றான். உள்ளே அவள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வெளியே நின்ற ஜனம் அவனையே பார்த்தது. வலது கையை நீட்டினான். நடுவீடு அளவுக்குத் தூரம் இருந்தது அந்தக் கைக்கும் அவள் நெற்றிக்கும். கை காற்றிலேயே நின்றது, ஒரு நெற்றியின் மேல் இருப்பதுபோல் விரல்கள் லேசாகக் குவிந்தன. "மைனி" என்று ஒருமுறை கூப்பிட்டான். பிறகு திரும்பி, கன்னமெல்லாம் கண்ணீர் ஓட, "ஆறிட்டு" என்றான்.

அவள் உண்மையிலேயே ஆறியிருந்தாளா, இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் போகாததால்தான் மேல் லயத்தில் இன்றைக்கும் விளக்கு எரிகிறது.

ரோடு சரியானதும் கீழேயிருந்து வெள்ளை உடுப்பு போட்ட ஆட்கள் வந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், வலை கட்டி வௌவால் பிடித்தார்கள், கொய்யாப் பழத்தைப் பையில் போட்டு மூடினார்கள், இது எச்சிலிலும் வியர்வையிலும் பரவுகிற காய்ச்சல், செத்த உடம்பிலும் இருக்கும், தொடக் கூடாது என்று மைக் வைத்துச் சொன்னார்கள். ஜனங்கள் தெரியும் என்றார்கள். வந்தவர்களில் ஒருவர் சோலையோரம் போய், காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கிபோன்ற கருவியை விளையாட்டாக மண்ணுக்கு நேராக நீட்டினார். அது காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு, பேட்டரி போய்விட்டது என்று உதறிப் பையில் போட்டுக்கொண்டார்.

பவுனுக்குப் பெண் பிள்ளை பிறந்து, அது நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்ட பிறகு, ஓர் ஆடியில் அதைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்தாள். சித்தப்பா கொய்யா மரத்தை எப்போதோ வெட்டியிருந்தார். அவர்தான் சோலையோரம் வரைக்கும் கூட்டிப்போய், அவள் அப்பாவும் அம்மாவும் கிடக்கும், சாரல் விழுந்தும் நனையாத ஒரு திட்டைக் காட்டிவிட்டு, தள்ளிப்போய் நின்றுகொண்டார். சுற்றிலும் புல் மஞ்சில் வெளுத்துக் கிடக்க, அங்கே மட்டும் தேயிலை பருவம் தப்பித் தளிர் விட்டிருந்தது. அந்தக் கொழுந்தை யாரும் கிள்ளுவதில்லை. பவுனு முட்டுப்போட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையை விரித்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல் மண்ணின் மேல் வைத்தாள்.

"எம்மா, சுடுதா?" என்று கேட்டது பிள்ளை.

பவுனு நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "இல்லட்டி" என்றாள். "ஆறிட்டு."

சொன்ன பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.